எத்தனை கிலோவில் உடையும்?

பாப்பா,

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, பின் சீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அடுத்த ட்ரிப்புக்கு இன்னும் நேரம் இருக்கிறது. உன் செல்வம் மாமா ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துத் தூங்குகிறான். வீட்டில் உட்கார்ந்து எழுத முடியாது. பந்தக்கால் நட்டாகிவிட்டது. வெள்ளிக்கிழமை முகூர்த்தம் முடிகிறவரை நம் வீட்டில் நல்ல வார்த்தையைத் தவிர வேறு எதுவும் யார் வாயிலிருந்தும் வரக் கூடாது என்று உன் அம்மா சட்டம் போட்டிருக்கிறாள். நேற்று வானத்தைப் பார்த்து, "மழ வந்து கெடுத்துடப் போவுது" என்று நான் சொன்னதற்கே அப்படி முறைத்தாள். அந்தச் சட்டத்துக்கு அடங்காத கேள்வி ஒன்று என்னிடம் இருக்கிறது. அதை உன் முகத்தைப் பார்த்துக் கேட்க எனக்குத் தைரியம் போதவில்லை. கேட்டாலும் நீ என்ன சொல்வாய் என்று தெரியும். "பரவாயில்லப்பா" என்பாய்.

அந்த வார்த்தைதான் எனக்குப் பயமாக இருக்கிறது. பெண் பார்த்துவிட்டுப் போன நாளிலிருந்து நீ அதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறாய். மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒரு சேதி வரும், நான் உன் முகத்தைப் பார்ப்பேன், நீ "பரவாயில்லப்பா" என்று சொல்லிவிட்டு ஆபீஸ் பையை மாட்டிக்கொண்டு போய்விடுவாய். கேட்கிறவர்களுக்கு அது பதில் மாதிரித்தான் இருக்கும். எனக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் பிளஸ் ஒன் படித்த நீ கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கிறாய், வலது கையைத் தூக்கிக்கொண்டு. அன்றைக்கு அத்தனை பேர் கத்தியும் இறங்காத கை அது. அந்தக் கை எங்கே போனது என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

குச்சிப் பாலத்தை நீ மறந்திருக்க மாட்டாய். சிதம்பரத்தில் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போட்டி என்று உங்கள் சயின்ஸ் மிஸ் வந்து சொன்னார்கள். ஒரு அணிக்கு நாலு பேர். ஐஸ் குச்சி, வெள்ளைப் பசை, கொஞ்சம் நூல், இதைத் தவிர வேறு எதையும் தொடக் கூடாது. பாலம் கட்டி எடுத்துக்கொண்டு வர வேண்டும். அங்கே இரண்டு மேசைக்கு நடுவில் வைத்து, நடுவில் ஒரு வாளியைத் தொங்கவிட்டு மணல் கொட்டுவார்கள். அவ்வளவுதான் போட்டி. எனக்கு அது விளங்கவே இல்லை. "கட்டினத ஒடைக்கிறதுக்கு எதுக்குடி சிதம்பரம் வரைக்கும் போவணும்" என்று கேட்டேன். உன்னோடு சேர்ந்த ஜான்சி, "அங்கிள், ஒடைக்கிறதுக்குத்தான் சர்ட்டிபிகேட்டே" என்றாள். அந்தப் பெண்ணுக்கு அன்றைக்கும் வாய் ஜாஸ்தி, இன்றைக்கும் வாய் ஜாஸ்தி.

கடலூர் முதுநகரில் அப்போது நாம் குடியிருந்த வாடகை வீட்டின் கூடம் முழுக்க உங்கள் குச்சிதான். ஒவ்வொரு குச்சியையும் தரையில் வைத்து உருட்டிப் பார்ப்பாய். கொஞ்சம் கோணினாலும் ஒதுக்கிவிடுவாய். ஒதுக்கியதையெல்லாம் உன் அம்மா வெந்நீர் அடுப்பில் போட்டு எரித்தாள். பக்கத்தில் வீடு கட்ட அடித்த மணலை மேஸ்திரியிடம் கேட்டு வாளியில் அள்ளி வந்தீர்கள். இரண்டு ஸ்டூலுக்கு நடுவில் பாலத்தை வைத்து மணலைக் கொட்டுவீர்கள், கொஞ்ச நேரத்தில் படீரென்று ஒரு சத்தம், கூடமெல்லாம் மணல், அம்மாவின் திட்டு. மறுநாள் இன்னொரு பாலம். மற்ற மூன்று பேரும் வாளியைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நீ மட்டும் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு, பாலத்துக்கு அடியில் காதை வைத்திருப்பாய். வாளி விழுந்தால் முகத்தில் அல்லவா விழும் என்று நான் பதறி உன் காலைப் பிடித்து இழுப்பேன். "இருப்பா, கேட்டுக்கிட்டிருக்கேன்" என்பாய். எதைக் கேட்கிறாய் என்று நான் கேட்டதில்லை. எழுந்து வந்தால் போதும் என்று இருந்தேன்.

போட்டிக்குப் போவதற்கு முதல் நாள் சாயங்காலம் அந்தத் தாளை நிரப்பினீர்கள். பள்ளியின் பேர், உங்கள் நாலு பேரின் பேர், பாலத்தின் நீளம், கடைசியில் ஒரு கட்டம்: எத்தனை கிலோவில் உடையும்? நீ பேனாவை எடுத்தாய். உன் அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தவள் அப்படியே வந்து நின்றாள். "தொடங்கும்போதே ஒடையும்னு எழுதுவாங்களாடி? நல்ல காரியத்துக்குப் போறப்ப இன்னா பேச்சு இது?" என்றாள். நம் வீட்டில் விளக்கு அணைந்தால் மலையேறிவிட்டது என்றுதான் சொல்லுவோம். பானையில் அரிசி தீர்ந்தால் நிறைந்திருக்கிறது என்போம். தாலிச் சரடு அறுந்தால்கூடப் பெருகிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். வாசலைத் தாண்டும்போது போகிறேன் என்று சொன்னால் திரும்பக் கூப்பிட்டு, போய்விட்டு வருகிறேன் என்று சொல்லவைத்து அனுப்புகிற குடும்பம். இப்படி ஒரு வீட்டில் இருந்துகொண்டு எத்தனை கிலோவில் உடையும் என்று எழுதிவிட முடியுமா? உங்கள் சயின்ஸ் மிஸ்ஸுக்குப் போன் போட்டுக் கேட்டால், "அதுவும் சரிதான், நல்ல வார்த்தையா ஏதாச்சும் போடுங்களேன்" என்று அவர்களும் சொல்லிவிட்டார்கள். ஜான்சி உன் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கி, கட்டம் கொள்ளாமல் பெரிய எழுத்தில் "உடையாது" என்று எழுதினாள். அம்மா அந்தத் தாளைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் குங்குமம் தீற்றி எடுத்துத் தந்தாள். நானும் தலையாட்டிக்கொண்டு நின்றேன்.

மறுநாள் பாலம் என் வண்டியில்தான் வந்தது. வேனுக்குச் சொல்லலாம் என்று மிஸ் சொன்னார்கள். நான்தான் என் கண்ணுக்கு முன்னால் வரட்டும் என்றேன். ஏறின நேரம் ஆபீஸ் கூட்டம். உட்கார இடமில்லை. நீங்கள் நாலு பேரும் பாலத்தைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றீர்கள். பரங்கிப்பேட்டைக்குப் போகிற பாய் ஒருவர், வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கி இரண்டு நாள்தான் ஆகிறதாம், மடியில் வைத்திருந்த பையைக் கீழே இறக்கிவிட்டு, "இங்க குடும்மா, என்னோட மடியில வையி" என்று வாங்கிக்கொண்டார். தோளிலிருந்த துண்டை மடித்து அதன் அடியில் வைத்தார். ஆலப்பாக்கத்தில் ஏறின ஒருவர், "பொம்ம வீடா பாய்?" என்றார். "பாலம் தம்பி. பக்கத்துல நெருக்கி நிக்காதீங்க, ஒரசிடும்" என்று அவர் எல்லோரையும் விரட்ட ஆரம்பித்துவிட்டார். செல்வம் ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டியை நிறுத்தி, ஏற்றி, இறக்கினான். புதுச்சத்திரம் தாண்டுவதற்குள், "வண்டி ஓட்டுறானா, தேரு இழுக்கிறானா" என்று பின்னாலிருந்து குரல் வந்துவிட்டது. பி.முட்லூரில் பாய் இறங்கும்போது அந்தத் துண்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. "ஜெயிச்சுட்டு வந்து குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தத் துண்டு இன்னும் நம் பீரோவில் கிடக்கிறது. மறுபடி அவரை நான் என் வண்டியில் பார்க்கவில்லை.

வண்டி எடுக்க நேரமாகிவிட்டது. செல்வம் முகம் கழுவப் போயிருக்கிறான். மிச்சத்தை அடுத்த ட்ரிப் முடிந்து எழுதுகிறேன்.

திரும்ப வந்துவிட்டேன். வழியில் படியில் தொங்கிக்கொண்டு வந்த பையனை உள்ளே வரச் சொல்லிக் கத்தியதில் தொண்டை கட்டிவிட்டது. இத்தனை வருஷம் கண்டக்டராக இருந்தும், படியில் ஒரு கால் தெரிந்தால் கை தானாக விசிலுக்குப் போய்விடுகிறது.

அன்றைக்கு மாற்று ஆளை ட்ரிப்பில் ஏற்றிவிட்டு நானும் அந்தக் காலேஜ் ஹாலுக்குள் வந்து பின்னால் நின்றேன். தாளைச் சரிபார்த்த லெக்சரர் அம்மா, கடைசிக் கட்டத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இது இன்னாம்மா, உடையாதுன்னு எழுதியிருக்கீங்க?" நீங்கள் நாலு பேரும் மிஸ்ஸைத் திரும்பிப் பார்த்தீர்கள். "ஒடையாத பாலத்த எங்களால போட்டியில சேத்துக்க முடியாதும்மா. நம்பர் போடுங்க." பிறகு விதியைச் சொன்னார். எழுதின எடையை முதலில் தாங்க வேண்டும். அதற்கு மேல் தாங்குகிற ஒவ்வொரு குவளை மணலுக்கும் கூடுதல் மார்க். அணித் தலைவி, அதாவது நீ, எப்போது வேண்டுமானாலும் கையைத் தூக்கி நிறுத்தச் சொல்லலாம். தூக்குவதற்கு முன்னால் உடைந்துவிட்டால் எல்லாம் பூஜ்யம். மிஸ், "அம்பது போடுங்கடி, கெத்தா இருக்கும்" என்றார்கள். ஜான்சி நாற்பதுக்கு வந்தாள். நீ யாரையும் பார்க்காமல் "உடையாது" என்ற வார்த்தையை அடித்துவிட்டு, குங்குமக் கறைக்குப் பக்கத்தில் இருபது என்று எழுதினாய். பக்கத்து அணிப் பையன்கள் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. அவ்வளவு நல்ல பாலத்துக்கு என் மகளே இவ்வளவு குறைத்து எழுதுகிறாளே என்று.

இருபதைத் தாண்டிவிட்டது. ஒவ்வொரு குவளை விழும்போதும் ஹாலில் சத்தம் கூடியது. முதல் இடத்தில் இருந்த அந்தப் பையன்களின் பாலத்தை முந்த இன்னும் இரண்டே குவளைதான். ஜான்சி, "ஊத்துங்கண்ணா, ஊத்துங்க" என்று குதித்தாள். மிஸ்ஸும் குதித்தார்கள். பின்னால் நின்ற நானும் கத்தினேன். நீ மட்டும் பாலத்துக்குப் பக்கத்தில் குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றாய். திடீரென்று கை மேலே போனது. மணல் கொட்டிய மாணவன் குவளையைத் தூக்கியபடியே நின்றான். "இன்னும் ஒரே ஒரு கப்புடி" என்று ஜான்சி உன் தோளைப் பிடித்து உலுக்கினாள். ஹாலே அதைத்தான் சொன்னது. நீ கையை இறக்கவில்லை. இடது பக்கம் மூன்றாவது இணைப்பில் ஒரு விரலை வைத்து, "இங்க சத்தம் கேட்டுச்சு" என்றாய். வேறு யாருக்கும் கேட்கவில்லை. மூன்றாம் பரிசு கொடுத்தார்கள்.

பரிசு கொடுத்து முடிந்ததும் ஜான்சியும் அந்தப் பையன்களும் சேர்ந்து உங்கள் பாலத்தில் மறுபடி வாளியைத் தொங்கவிட்டுக் கொட்டிப் பார்த்தார்கள். ஒரு குவளை தாங்கியது. இரண்டாவதும் தாங்கியது. மூன்றாவதில் உடைந்தது. நீ விரலை வைத்த அதே இடத்தில்.

திரும்பி வரும்போது வண்டியில் ஜான்சி அழுதுகொண்டே வந்தாள். "ரெண்டு கப்பு. ரெண்டு கப்பு தாங்கியிருந்துச்சுடி. மொதப் பரிசு நம்மளுது." நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "அது எனக்கு எப்புடித் தெரியும்? சத்தம் கேட்டுச்சு, கையத் தூக்கிட்டேன்" என்றாய். "எங்க யாருக்கும் கேக்கலியே." "உங்களுக்குக் கேக்கலன்னா சத்தமே வரலன்னு ஆயிடுமா?" செல்வம்தான் கண்ணாடியில் உங்களைப் பார்த்துச் சொன்னான்: "ஜான்சி, பஸ்ல ஒத்த விசில் குடுத்தா நான் வண்டிய நிறுத்திடுவேன். எதுக்கு மாமா குடுத்தீங்கன்னு நின்னப்பறம்தான் கேப்பேன். கேட்டுட்டு நிறுத்துனா ஒருத்தன் சக்கரத்துக்கு அடியில கெடப்பான்." அவன் சொன்னது சரி என்று தெரிந்தும், உள்ளுக்குள் நான் ஜான்சி கட்சிதான். ஆனால் உன்னைப் பற்றி அன்றைக்கு ஒரு நிம்மதியும் வந்தது. இவளை எங்கே அனுப்பினாலும் பயமில்லை, இவளுக்கு நிறுத்தத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது அந்த நிம்மதி என்னிடம் இல்லை. பெண் பார்த்துவிட்டுப் போனபோது, தினமும் சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு பஸ்ஸில் வேலைக்குப் போய் வர வேண்டுமா, அங்கேயே ஏதாவது பார்த்துக்கொள்ளலாமே என்றார் சம்பந்தியம்மா. நியாயமான பேச்சு. நீ பரவாயில்லப்பா என்றாய். நிச்சயதார்த்தத்தன்று, முதல் ஒரு வருஷம் வீட்டில் இருக்கட்டும், என்ன அவசரம் என்றார். நீ வரைபடம் போட்டுக் கொடுத்த கட்டிடம் இன்னும் இரண்டாவது தளம்கூட ஏறவில்லை. பரவாயில்லப்பா என்றாய். முகூர்த்தப் புடவை எடுக்கப் போன இடத்தில், அம்மா வீட்டுக்கு மாசத்துக்கு ஒரு தடவை வந்தால் போதாதா என்றார். பரவாயில்லப்பா. போன வாரம் போன் செய்தார்: "எங்க வீட்ல எல்லாருக்கும் ஒரே கம்பெனி கனெக்சன். மருமகளுக்கும் புது சிம் வாங்கி வெச்சிட்டேன். பழைய நம்பர் எதுக்கு, அத தூக்கிப் போட்டுடச் சொல்லுங்க." நான் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். நீ பக்கத்தில்தான் இருந்தாய். "நம்பர்தானப்பா, பரவாயில்ல" என்றாய். சொல்லும்போது உன் கட்டைவிரல் அந்தப் போனின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தது. நீ காலேஜில் சேர்ந்த அன்று நான் வாங்கிக் கொடுத்த நம்பர் அது. நான் மனப்பாடமாகச் சொல்லக்கூடிய ஒரே நம்பர்.

அப்போது எனக்கு ஒரு சத்தம் கேட்டது மாதிரி இருந்தது பாப்பா. கேட்டதா, நானாக நினைத்துக்கொண்டேனா தெரியவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். சக்கரத்தில் கல் தெறித்தாலே டயர் வெடித்துவிட்டதென்று எழுந்து நிற்கிறவன் நான். சம்பந்தியம்மா ஒன்றும் கெட்டவரில்லை. அவருக்குத் தெரிந்த குடும்பம் அப்படி. மாப்பிள்ளை நல்ல பையன், பேங்க்கில் வேலை, உன்னிடம் பேசும்போது குரலைத் தாழ்த்திப் பேசுகிறான். ஒவ்வொன்றையும் தனியாக எடுத்தால் எதுவுமே கனமில்லை. ஒரு குவளை மணல் என்ன கனமா? ராத்திரி படுத்தால் எனக்கு அந்த வாளிதான் ஞாபகத்துக்கு வருகிறது.

நீ ஏன் இப்படி ஆனாய் என்று யோசித்துப் பார்த்தேன். யோசித்தால் கடைசியில் என்னிடமே வந்து நிற்கிறது. எட்டாம் வகுப்பில் சைக்கிளிலிருந்து விழுந்து முட்டி கிழிந்ததை, காய்ச்சல் வருகிறவரை பாவாடைக்குள் மறைத்து வைத்திருந்தாய். டாக்டர் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "எங்கப்பா பயந்துடுவாரு" என்றாய். டாக்டர் சிரித்தார், நானும் சிரித்தேன். போன புயலில், மேலே கூரைத் தகரம் கிறீச்சிடுகிறது, கிளம்புங்கள் என்று எங்கள் இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு எதிர்வீட்டு மாடிக்கு நீதான் ஓடினாய். நாம் ஏறின கொஞ்ச நேரத்தில் கூரை பறந்தது. அன்றைக்கும் உன் காதுதான் நம்மைக் காப்பாற்றியது. பயமாக இருந்ததா என்று நான் கேட்டபோது இல்லை என்றாய். விடியும்வரை நடுங்கிக்கொண்டிருந்தாய் என்று பிறகு அம்மா சொன்னாள். எங்களுக்கு ஆபத்து என்றால் நீ கையைத் தூக்குகிறாய். உனக்கு என்றால், அப்பா தாங்க மாட்டார் என்று கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறாய். என் பயத்தைப் பார்த்துப் பார்த்து உன் பயத்தை மறைக்கக் கற்றுக்கொண்டாய். இதை நான் முன்பே கண்டிருக்க வேண்டும்.

இதையெல்லாம் உன் அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். முந்தாநாள், அவள் சட்டத்தையும் மீறி. அந்தத் தாளில் எழுதினது மாதிரி நீயும் எத்தனை கிலோ என்று ஒரு நம்பர் போட்டுக்கொண்டு போக வேண்டும் என்றேன். "பொண்ணுன்னா நாலும் அனுசரிச்சுத்தான் போவணும். நானெல்லாம் நம்பர் எழுதிக் குடுத்துட்டா காட்டுமன்னார்கோயிலுக்கு வந்தேன்?" என்றாள். உனக்குத் தெரியுமே, கல்யாணமான புதிதில் அங்கே என் அண்ணன்மார்களோடு கூட்டுக் குடும்பமாக இருந்தோம். நான் விடியற்காலை வண்டிக்குப் போனால் ராத்திரிதான் வருவேன். விளையாட்டாகத்தான் கேட்டேன்: "சரி, எழுதியிருந்தா எவ்ளோ எழுதியிருப்ப? எத்தன கிலோவுல ஒடைஞ்சிருப்ப?" அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. "அது எப்பவோ ஒடைஞ்சுது. நானே ஒட்ட வெச்சிக்கிட்டேன். உங்களுக்குக் கேக்கல, அவ்ளோதான்" என்றாள். எப்போது என்று கேட்டேன். "கல்யாண வீட்ல எதுக்கு அந்தப் பேச்சு" என்று முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஒரே பாயில் இத்தனை வருஷம் படுத்தும் எனக்குக் கேட்கவில்லை பாப்பா.

அதனால்தான் சொல்லக் கூடாததைச் சொல்கிறேன். உடையாது என்று எழுதிக்கொண்டு அந்த வீட்டுக்குள் போகாதே. உடையாத பாலம் கிடையாது. எத்தனை கிலோ என்று நீயே ஒரு நம்பர் போட்டுக்கொள். கெத்துக்காகக் கூட்டிப் போட வேண்டாம். யாராவது சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். அந்த நம்பரை என்னிடம் சொல்ல வேண்டியதில்லை, மாப்பிள்ளையிடம் சொல். அந்தப் பையனுக்கும் காது இருக்கிறது, கேட்க ஒரு வாய்ப்புக் கொடு. என்னைப் போல அவனும் பக்கத்திலேயே இருந்துகொண்டு ஒன்றும் தெரியாமல் இருந்துவிடக் கூடாது. தாங்க முடிந்ததைத் தாங்கு, குடும்பம் என்றால் கனம் இருக்கத்தான் செய்யும். ஆனால் உடைகிற வரைக்கும் காத்திருக்காதே. சத்தம் கேட்டதும் கையைத் தூக்கு. இன்னும் இரண்டு குவளை தாங்கியிருக்கலாமே என்று நாளைக்கு ஊர் சொல்லும், உறவு சொல்லும், உன் அம்மாகூடச் சொல்லலாம். நான் சொல்ல மாட்டேன். அன்றைக்கு ஹாலில் நின்று நானும் ஊற்றச் சொல்லிக் கத்தினேன். இந்தத் தடவை கத்த மாட்டேன்.

ஒரு விஷயத்துக்கு மட்டும் பரவாயில்லை என்று சொல்லாதே. அந்தப் பழைய நம்பரை விட்டுவிடாதே. புது நம்பரை அவர்கள் ஆசைக்கு வைத்துக்கொள். பழையது உன் பையில் எங்கேயாவது இருக்கட்டும். இது என் யோசனை மட்டும் இல்லை. நேற்று மஞ்சள் வாங்கப் போகிறேன் என்று கடைத்தெருவுக்குப் போன உன் அம்மா, நேரம் கழித்து வந்தாள். மஞ்சளை வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே, "பாப்பாவோட பழைய நம்பருக்கு ரீசார்ஜ் பண்ணிட்டேன். ஒரு வருஷத்துக்கு வருமாம்" என்றாள். போனில் பச்சை பட்டன், சிவப்பு பட்டன் தவிர எதுவும் தெரியாதவள், உன் நம்பரை ஒரு சீட்டில் எழுதி இடுப்பில் செருகிக்கொண்டு போயிருக்கிறாள். சட்டம் போட்டவளே மீறிவிட்டாள்.

என்றைக்காவது அந்த வீட்டில் உனக்கு அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு ஒரே ஒரு ரிங் கொடு. நான் எடுப்பதற்குள் கட் பண்ணிவிடு. பேச வேண்டாம், காரணம் சொல்ல வேண்டாம், அப்பா பயந்துவிடுவாரே என்று கவலைப்படவும் வேண்டாம். பயப்படத்தான் செய்வேன், அது என் பிறவிக் குணம். பயந்துகொண்டே வந்து உன் வாசலில் நிற்பேன். எதற்குக் கூப்பிட்டாய் என்று நீ வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் கேட்பேன். நீ சொல்லாவிட்டால் அதையும் கேட்க மாட்டேன்.

இந்தக் கடிதத்தை நாளைக் காலையில் உன் ஆபீஸ் பையில் வைக்கப் போகிறேன். கடைசி நாள் வேலைக்குப் போகிறாய், மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் படிப்பாய். படித்து முடித்ததும் அந்தப் பழைய நம்பரிலிருந்து ஒரு ரிங் கொடு. அப்போது நான் ஆலப்பாக்கத்துக்கும் புதுச்சத்திரத்துக்கும் நடுவில் எங்கேயாவது கூட்டத்தில் நின்று டிக்கெட் கிழித்துக்கொண்டிருப்பேன். அந்த இரைச்சலில் ரிங் கேட்காமல் போய்விடுமோ என்றுதான் இப்போது பயமாக இருக்கிறது. செல்வத்திடம் சொல்லிவைத்துவிட்டேன். நாளைக்கு அந்த ட்ரிப்பில் பாட்டுப் போட மாட்டான்.

உன் அப்பா